எழுபத்தொரு நிமிடம்

மூதூர்ப் படகுத் துறையில் நாங்கள் நட்ட குழாய்
இரண்டு முழம்கூட ஏறி இறங்காத கடலை
நொடிக்கொருதரம் அளந்து அனுப்பும்.
பின்னிரவு மூன்று பதினெட்டுக்கு அடுத்த வரியில்
இரண்டு ஏழு என்று வந்திருந்தது.
"வற்றுப்பெருக்கு திரும்பிப் போறது தெரியும். நேரமுமா?"
கிண்ணியாவிலிருந்து கேட்டாள் றிஸ்மியா.

எழுபத்தொரு நிமிடம் முப்பத்தைந்து நொடி.
அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
முப்பத்திரண்டு பிட்டுகளை
மைக்ரோநொடிகள் நிரப்ப எடுக்கும் நேரம்.

எங்கள் சில்லில் நேரம் இரண்டு துண்டு.
கீழ்த்துண்டைச் சில்லே எண்ணும்.
அது நிரம்பிக் கவிழும்போதெல்லாம்
டைமர் டிரைவர் ஓடிவந்து
மேல்துண்டில் ஒன்று கூட்டும்.
வாசிக்க வருவது முதலில் மேலைப் பார்க்கும்,
பிறகு கீழை.
நடுவே
ஓர் இமைப்பில் இலட்சத்தில் ஒரு பங்கு.

பஸ் நிலையக் கடிகாரத்தில் மணியைப் பார்க்கிறீர்கள்: ஒன்பது.
கண்டி பஸ் ஹோர்ன் அடிக்கிறது, திரும்புகிறீர்கள்.
மறுபடி வந்து நிமிடத்தைப் பார்க்கிறீர்கள்: பூச்சியம் பூச்சியம்.
ஒன்பதும் பொய்யில்லை, பூச்சியமும் பொய்யில்லை.
ஒன்பது மணி மட்டும்
போய் ஒரு மணித்தியாலம் ஆகிறது.

பிழையைப் பார்க்க ஒரு வரி எழுதினேன்.
வரி அச்சாகும் தாமதத்தில் அது வரவேயில்லை.
வரியை எடுத்தேன்; நாலாம் நாள் வந்தது.
டோர்ச் அடிக்கிற இரவுகளில்
வீட்டில் படுத்துத் தூங்குகிற கள்ளன்.

காத்திருப்பதை விட்டேன்.
எண்ணியைப் பூச்சியத்தில் தொடங்காமல்
நிரம்ப ஐந்து நொடி இருக்கையில் தொடங்கினேன்.
விழுத்தினேன், எழுப்பினேன், விழுத்தினேன்.
கீழே உட்துறைமுக வீதியில்
ஒரு மான் பாண் உறையைத் தின்றுகொண்டு நின்றது.
ஆயிரத்து இருநூற்று ஆறாம் தரம்
பிடிபட்டது.

"வாசிக்கேக்க குறுக்கீடு எல்லாத்தையும் மறி" என்றாள்.
மறித்தேன்.
ஒருத்தர் மணி பார்க்க ஊர் முழுதும் ஊரடங்கு.
கீழ்த்துண்டுக்கு அது யார் போட்ட சட்டம்?
உள்ளேயே எண்ணி உள்ளேயே கவிழ்ந்தது;
கூட்ட வேண்டிய டிரைவர்
வாசலில் நின்றது, அடையாள அட்டையோடு.
இந்த ஊரில் இதையெல்லாம்
முன்னமே செய்து பார்த்தாயிற்று.

இன்னொன்றும் பார்த்தாயிற்று.
சில வருடம் இந்தத் துறைக்கு இரண்டு நேரம்.
அரசாங்கம் மணியைத் தள்ளி வைத்தது,
விரிகுடாவுக்கு அப்பால் சம்பூர் தள்ளவில்லை.
எத்தனை மணிக்குக் கலியாணம் என்றால்
பழசா புதுசா என்று கேட்பார்கள்.
அரை மணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஆட்கள் கடல் தாண்டினார்கள்.
அதை யாரும் பிழை என்று பதியவில்லை.

கடைசியில் நான்கு வரிதான்.
மேலைப் பார். கீழைப் பார்.
திரும்ப மேலைப் பார்.
முதல் கண்டதும் இப்போது கண்டதும் வேறென்றால்
எல்லாவற்றையும் எறிந்துவிட்டு
முதலிலிருந்து பார்.

றிஸ்மியா விடவில்லை.
"ரெண்டாந்தரமும் மாறியிருந்தா?"
"அப்பிடியெண்டா உன்ர கேள்விக்குள்ளயே
எழுபத்தொரு நிமிஷம் போயிட்டுது எண்டு அர்த்தம்."
ஒரு சிரிப்புக்குறி அனுப்பினாள்,
பிறகு ஒப்புதல்.

எழுபத்தொரு நிமிடத்தை இருபது தரம் கவிழவிட்டு
விடியும்வரை திரையைப் பார்த்திருந்தேன்.
ஏழு மணிப் படகு ஏழு பத்துக்கு வெளிக்கிட்டது.
அதன் அலை குழாய்க்குள் ஏறியதைப் பதிவில் கண்டேன்:
ஆறு சென்ரிமீற்றர், ஏழு பத்து.
நான்கு, ஏழு பத்து.
ஒன்று,
ஏழு பதினொன்று.